லூர்துக்குப் போன காம்பர் வானில் நடந்தது

மோர்னிங்சைட், ஸ்காபறோ
17.09.1996

அன்பு மகள் ஸ்டெபனிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் தேகத்துக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே ஒஸ்லோவில் நீயும், உன் கணவர் பத்மநாதனும், பிறக்கப்போகும் பிள்ளையும் எந்த வருத்தமும் அண்டாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பயந்திருப்பாய். ஒன்றும் இல்லை. அம்மா குசினியில் நிற்கிறா, மீன் பொரிக்கும் மணம் வருகிறது. முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் இருந்து ஊராரின் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தினவன், சொந்த மகளுக்கு ஒரு கடிதம் எழுத நாலு வருடம் எடுத்திருக்கிறேன். அம்மா உனக்கு எழுதும் கடிதங்களில் அப்பா சுகமாக இருக்கிறார் என்று ஒரு வரி இருந்திருக்கும், அதுகூட நான் எழுதச் சொல்லி எழுதியது அல்ல, அவவாக எழுதினது.

இங்கே குளிர் மெல்லத் தொடங்கிவிட்டது. கிளிபோட் அண்ணா விட்பியில் வீடு வாங்கிப் போனதை அறிந்திருப்பாய். வீடு பெரிது, ஆனால் வேலைக்கு ரயிலில் போய்வர நாளில் மூன்று மணித்தியாலம் போகிறது, முகம் எப்போதும் களைத்துத்தான் இருக்கிறது. அண்ணி மெற்றில்டாவும் இந்த மாதத்திலிருந்து வேலைக்குப் போகிறாள். போகும்போது சின்னவளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவாள். ஜெனிற்றாவுக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்துவிட்டது. யாரைக் கண்டாலும் விரலைப் பிடித்து இழுத்துக் கடிக்கப் பார்க்கிறாள். என் முழங்கால் நோ முந்தினபடிதான்.

இனி நான் எழுத வந்த விசயம். நவம்பரில் உன் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா அங்கே வருகிறா. நானும் கூட வர விரும்புகிறேன். வரலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் நீ பதில் சொல்ல முன்னம் என்னைப் பற்றி ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் நாங்கள் ஐரோப்பா போய்வந்ததை அம்மா எழுதியிருப்பா, படங்களும் அனுப்பியிருப்பா. அந்தப் பயணத்தில் நடந்த ஒன்றை மட்டும் எழுதியிருக்கமாட்டா. வெளியில் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கிளிபோட் சொல்லிவிட்டான். அது என்னைக் காப்பாற்றச் சொன்னது. உன் கையில் ஒரு பிள்ளை வரப்போகும் நேரத்தில், நீ அதை மற்றவர் வாயால் கேட்கக் கூடாது.

முதலில் பயணத்தை எப்படித் தொடங்கினோம் என்று சொல்லவேண்டும். கிளிபோட்டுக்கு லீவு கிடைத்தது, மெற்றில்டா பிள்ளைப்பேற்று லீவில் இருந்தாள், எங்கள் எல்லாருக்கும் கனடாப் பாஸ்போட் வந்துவிட்டது. குழந்தையோடு ஹோட்டல் ஹோட்டலாகத் திரிய ஏலாது என்று அவன் ஐரோப்பாவில் ஒரு காம்பர் வானை வாடகைக்கு எடுத்தான். வானுக்குள்ளேயே இரண்டு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன மேசை எல்லாம் இருக்கும். மேசையை மடித்துக் கீழே இறக்கினால் அதுதான் எனக்கும் அம்மாவுக்கும் படுக்கை, அவர்கள் மூன்று பேரும் கூரைக்குக் கீழே ஒரு பலகைத் தட்டில் படுப்பார்கள். ஜேர்மனிக்குப் போய் வூப்பெற்றாலில் மரியரட்ணம் மாமாவைப் பார்த்துவிட்டு, டென்மார்க் வழியாகக் கப்பலில் ஏறி உன்னிடம் வருவதுதான் அவன் போட்ட முதல் திட்டம். வான் வடக்கே திரும்பினால் நான் இறங்கிப் பிளேன் ஏறிவிடுவேன் என்று சொன்னவன் நான்தான். லூர்து மாதாவுக்கு நேர்த்தி இருக்கிறது, அங்கே போவோம் என்றேன். நேர்த்தி இருந்தது உண்மை. ஆனால் உன் வீட்டு வாசலில் வந்து நிற்காமல் இருப்பதற்கு அது எனக்கு நல்ல சாட்டாகவும் இருந்தது. நீ இரண்டு கிழமை லீவு எடுத்து வைத்திருந்தாய் என்று வூப்பெற்றாலில் மரியரட்ணம் சொன்னார். நான் கேட்காததுபோல் தேத்தண்ணீரைக் குடித்தேன். நீ பிள்ளை சுமக்கிறாய் என்பது அப்போது எனக்குத் தெரியாது, கனடாவுக்குத் திரும்பின பிறகுதான் அம்மா சொன்னா. முன்னமே தெரிந்திருந்தால் வடக்கே வந்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். நேர்மையாகச் சொன்னால், தெரியாது.

ஜேர்மனியிலிருந்து பிரான்சுக்குள் போகும்போது ஒருவரும் எங்களை மறிக்கவில்லை. ஊரில் ஆமி மறித்து எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றி அடையாள அட்டை காட்டி வந்த ஆட்கள் நாங்கள், அம்மா பாஸ்போட்டுகளை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தா, கிளிபோட் சிரித்துக்கொண்டு, "அம்மா, எல்லை எப்பவோ கடந்திட்டுது, உள்ள வையுங்கோ" என்றான். பாரிசில் ஒரு நாள் நின்றோம். பிறகு தெற்கே ஓட்டம். சோளக் காணிகளும் சூரியகாந்திக் காணிகளும் முடிவில்லாமல் வரும். அம்மா வானுக்குள்ளேயே சோறு வடித்துப் பருப்புக் காய்ச்சுவா, பின்யன்னலுக்குக் குறுக்கே கயிறு கட்டி ஜெனிற்றாவின் நப்பித் துணிகளைக் காயப்போடுவா. வான் ஓடினால் சின்னவள் உறங்குவாள், நின்றால் கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடுவாள். அதனால் மெற்றில்டா அவள் உறங்கும்வரை இறங்கவே மாட்டாள். நான் சந்தோசமாகத்தான் இருந்தேன் பிள்ளை. அதையும் மறைக்கக் கூடாது.

லிமோஜ் என்ற பட்டினத்தைத் தாண்டி றோட்டோரம் ஒரு வாகனத் தரிப்பிடம். மதியம் இரண்டு மணி இருக்கும், ஆகஸ்ட் வெயில் கொதித்தது. அடுப்புக்குக் காஸ் முடிந்துவிட்டதால் கிளிபோட் றோட்டுக்கு மறுபக்கம் இருந்த பெற்றோல் நிலையத்துக்கு நடந்துபோனான். அம்மாவும் மெற்றில்டாவும் பால்போத்தல்களைக் கழுவ எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனார்கள். ஜெனிற்றா தன் கதிரையில் பட்டி போட்டபடி நல்ல உறக்கம். மெற்றில்டா திரும்பிப் பார்த்து, "மாமா, பிள்ளை பத்திரம், பத்து நிமிசத்தில வந்திடுவம்" என்றாள். வானின் திறப்பை என்னிடம் தந்துவிட்டுத்தான் கிளிபோட் போனான், நான் அதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இந்த இடத்தில்தான் நான் பொய் சொன்னேன். ரயரில் காற்றுக் குறைந்ததுபோல இருந்தது, பார்க்க இறங்கினேன் என்று எல்லாருக்கும் சொன்னேன். ரயரில் ஒன்றும் இல்லை. நான் இறங்கினது சிகரெட் குடிக்க. ஜெனிற்றாவின் ஞானஸ்நானத்தன்று மெற்றில்டா என்னிடம், "மாமா, சிகரெட்டை விட்டாத்தான் பிள்ளையைத் தூக்கலாம்" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை. நானும் விட்டேன், ஆறு மாதம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வூப்பெற்றாலில் தெருச் சுவரில் ஒரு பெட்டி பொருத்தியிருந்தார்கள், காசு போட்டால் பக்கெற் விழும். நீ லீவு எடுத்த கதையை மரியரட்ணம் சொன்ன அன்று பின்னேரம் நடக்கப் போகிறேன் என்று போய் அதில் ஒன்றை வாங்கினேன். புகை பிள்ளையிடம் போகக் கூடாது என்று வானின் யன்னல்கள் எல்லாவற்றையும் நானே இழுத்து மூடினேன். மரியரட்ணம் வேறு, "அத்தான், பிரான்சில றோட்டோரத்தில நிப்பாட்டினா கதவெல்லாம் பூட்டி வையுங்கோ, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள பையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். எல்லாக் கதவின் பூட்டையும் உள்ளே அமுக்கிவிட்டு, முன்கதவால் இறங்கி, சத்தம் வராமல் மெல்லச் சாத்தினேன். பிள்ளை எழும்பிவிடக் கூடாதே என்ற கவனம். வானுக்குப் பின்னால் மரத்தடியில் நின்று குடித்தேன். குடித்து முடித்து வந்து கதவை இழுத்தால் திறக்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் திறப்புக் கிடக்கிறது.

முதலில் பெரிதாகப் பயப்படவில்லை. சுற்றிச் சுற்றி வந்து எல்லாக் கதவையும் இழுத்துப் பார்த்தேன். அதற்குள் சின்னவள் எழும்பிவிட்டாள். முதலில் என்னைக் கண்ணாடியால் பார்த்துச் சிரித்தாள். பிறகு அழத் தொடங்கினாள். முகம் சிவந்து, தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டிப்போய்விட்டது. வானின் தகரத்தில் கை வைத்தேன், சுட்டது. கழிப்பறைப் பக்கம் பார்த்துக் கத்தினேன், லொறிகளின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும். முட்டியால் கண்ணாடியை அடித்தேன், ஒரு கல்லைத் தேடினேன், அந்தச் சுத்தமான நாட்டில் ஒரு கல்லும் இல்லை. பக்கத்தில் நின்ற லொறிக்கு ஓடினேன். உள்ளே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஒரே சொல் பேபி, பேபி என்பதுதான். அந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. வானைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சேட்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு, சில்லுக் கழற்றும் இரும்போடு குதித்து ஓடி வந்தார். பிள்ளைக்குத் தூரத்தில் இருந்த முன்பக்கச் சின்னக் கண்ணாடியை மூன்று அடியில் உடைத்தார். கையை விட்டுப் பூட்டை இழுத்தபோது அவருடைய கை வெட்டுப்பட்டு இரத்தம் ஒழுகியது. நான் உள்ளே பாய்ந்து பட்டியைக் கழற்றப் பார்க்கிறேன், ஏலவில்லை, அதையும் அவரே கழற்றினார். பிள்ளையைத் தூக்கினால் அழுகை நின்றுவிட்டது, கண் சொருகுகிறது, தலை என் தோளில் தொங்குகிறது. அந்த ஒரு நிமிசத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நிழலுக்குக் கொண்டுபோய் அவர் தன் போத்தல் தண்ணீரைத் தலையிலும் காலிலும் ஊற்றினார். மூச்சை இழுத்து ஒரு வீரிட்ட அழுகை வந்தது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அம்மாவும் மெற்றில்டாவும் ஓடி வந்தார்கள்.

மெற்றில்டா பிள்ளையை என் கையிலிருந்து பறித்தெடுத்து நெஞ்சோடு அணைத்து, மரத்தடியில் எங்களுக்கு முதுகு காட்டி இருந்து பால் கொடுத்தாள். கிளிபோட் காஸ் சிலிண்டரோடு வந்து உடைந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சிலிண்டரைக் கீழே போட்டான். நடந்ததை அம்மா சொன்னா. அவன் என்னைப் பார்த்து, "அப்பா, உங்களை நம்பித்தானே விட்டிட்டுப் போனனான்" என்றான், அவ்வளவுதான். அப்போதுதான் ரயர்க் கதையை நான் சொன்னேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த லொறிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. அடுத்த ஊரில் ஒரு டொக்ரரிடம் காட்டினோம், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, தண்ணீரும் பாலும் அடிக்கடி கொடுங்கள், இன்னும் பத்து நிமிசம் போயிருந்தால் வேறு கதை என்றாராம். மெற்றில்டா அரைகுறைப் பிரெஞ்சில் விளங்கி எங்களுக்குச் சொன்னாள்.

உடைந்த கண்ணாடிக்குப் பொலித்தீன் ஒட்டிக்கொண்டு லூர்துக்கு ஓடினோம். வழி முழுக்க அது படபடவென்று அடித்தது. வீடு என்றால் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தலாம். அந்த வானுக்குள் எங்கே போவது. ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவருக்குத் தெரியும், ஒருவர் பெருமூச்சு விட்டால் எல்லாருக்கும் கேட்கும். மெற்றில்டா கழிப்பறைக்குப் போனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் போனாள். அம்மா கேட்டால் பிள்ளையைக் கொடுப்பாள், நான் கேட்கவும் இல்லை, அவள் தரவும் இல்லை. கிளிபோட் ஒரு முறை என்மேல் எரிந்து விழுந்தபோது அவள் குறுக்கிட்டு, "மாமா எங்கட நன்மைக்குத்தானே இறங்கினவர், விடுங்கோ" என்றாள். அது அடித்ததைவிட நொந்தது.

லூர்தில் மாதாவின் திருநாளுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து எங்கள் சனம் வந்திருந்தது. தமிழ்ச் சாமியார் ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன் இரண்டு பேர் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன். சாமியிடம் சொல்லிவிட்டால் மனம் இலேசாகிவிடும், அந்த இலேசோடு மெற்றில்டாவுக்குச் சொல்லாமலே இருந்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். வானுக்குத் திரும்பி வந்தால் அம்மாவும் கிளிபோட்டும் மாதாவின் குகைக் கெபிக்குப் போயிருந்தார்கள், மெற்றில்டா மட்டும் அடுப்படியில். பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் இருத்தி, "ஒருக்காப் பிடியுங்கோ மாமா, சோறு வடிக்கப்போறன்" என்றாள். வடித்து முடியும்வரை நான் அசையவில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கனடாவுக்கு வந்து மூன்று கிழமை அதை வைத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிறுக்கு முதல் ஞாயிறு பூசை முடிந்து விட்பிக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவின பிறகு, இரண்டு பேரையும் இருக்கச் சொல்லிவிட்டுச் சொன்னேன். கிளிபோட் எழும்பிக் கராஜுக்குப் போய்விட்டான். மெற்றில்டா அழுதாள். அழுதுகொண்டே, "எனக்குத் தெரியும் மாமா. அண்டைக்குப் பிள்ளையை உங்களிட்ட இருந்து வாங்கேக்கையே உங்கட சேட்டில சிகரெட் மணந்தது. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாள். தெரிந்துகொண்டுதான் எனக்காகக் கதைத்திருக்கிறாள், தெரிந்துகொண்டுதான் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாள். இப்போதும் வேலைக்குப் போகும்போது பிள்ளையை இங்கே விடுவதை அவள் நிறுத்தவில்லை. கிளிபோட் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, ஒன்பது நாளாகிறது. அம்மாவைக் கேட்டு ரெலிபோன் எடுப்பான். நான் எடுத்தால், அம்மாவிட்டக் குடுங்கோ என்பான். அவனில் பிழை இல்லை.

இந்த நாட்களில் உன்னைத்தான் அதிகம் நினைக்கிறேன். நாலு வருடத்துக்கு முன் இங்கே நான் பேசி வைத்த சம்பந்தம் வேண்டாம், பத்மநாதன் என்று ஒருவரை விரும்புகிறேன், அவர் சைவ சமயம், பஸ் ஓட்டுகிறார், நாங்கள் கலியாணம் எழுதப்போகிறோம் என்று நீ எனக்குக் கடிதம் போட்டாய். எதையும் ஒளிக்கவில்லை. எழுதிப்போட்டு வந்து சொல்லவும் இல்லை, முன்னமே சொன்னாய். அந்தக் கடிதத்துக்கு நான் கொடுத்த பதில், பேசாமல் இருந்தது. என் நண்பர்களுக்கு முன் என் சொல் போய்விட்டது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. நான் ஒரு சிகரெட்டுக்காக ஒரு உயிரை ஆபத்தில் விட்டு, அதைப் பொய்யால் மூடி, அதற்குப் பிறகும் ஒரே வானுக்குள் சோறு சாப்பிட்டேன். என்னை ஒருவரும் வானிலிருந்து இறக்கிவிடவில்லை.

ஆகவே கேட்கிறேன். நவம்பரில் நான் வரலாமா? பிள்ளையை என் கையில் தரவேண்டும் என்று கேட்கவில்லை, அது நீயும் மருமகனும் யோசித்துச் செய்யவேண்டியது. கடை கண்ணிக்குப் போவேன், பனி வழிப்பேன், அம்மாவுக்கு உதவியாக நிற்பேன். பத்மநாதனிடம் நான் சொல்லவேண்டியது வேறு இருக்கிறது, அதைக் கடிதத்தில் எழுதுவது மரியாதை இல்லை, அவர் முகத்துக்கு முன் நின்றுதான் சொல்லவேண்டும். இந்தக் கடிதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டு. வர வேண்டாம் என்று உங்கள் இருவருக்கும் பட்டால் அதையும் அப்படியே எழுது. நீ உண்மையைச் சொன்னதற்காக இன்னொரு முறை உன்னோடு பேசாமல் இருக்கமாட்டேன்.

இரும்புக் குளிசையைத் தவறவிடாதே, வெறும் வயிற்றில் போடாதே. நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பாரமான ஆட்களைத் தூக்க விடுகிறார்களா? விடக் கூடாது என்று மேற்பார்வையாளரிடம் கட்டாயம் சொல்லு, வெட்கப்படாதே. ஐஸ் விழத் தொடங்கினால் நல்ல பிடிப்பான சப்பாத்துப் போடு. ஆண்டவரின் ஆசீரும் மாதாவின் காவலும் உங்கள் மூன்று பேரோடும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சூ. பஸ்ரியன்

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். வாசித்து முடியும்வரை மீன் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றா. பிறகு, முத்திரையைக் கூடவாக ஒட்டுங்கோ, கெதியாப் போகட்டும் என்றா.